கரை காட்டும் கைக்கருவி

கடலுக்குச் செல்வோர் ஜி.பி.எஸ். வாங்குமுன் அறிய வேண்டியவை

கரை கண்ணுக்குத் தெரியும்வரை கடல் எவரையும் அச்சுறுத்துவதில்லை. கரை மறைந்த பிறகுதான் கடலின் உண்மையான பரப்பு மனிதனுக்கு விளங்குகிறது. எப்பக்கம் திரும்பினாலும் ஒரே நீர், ஒரே வானம். அந்த வேளையில் ‘நான் எங்கிருக்கிறேன்? என் வீடு எத்திசையில் இருக்கிறது?’ என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தவனே கரை சேருகிறான்.

அன்பு வாசகர்களே! இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறும் கருவி இன்று உள்ளங்கையில் அடங்கும் அளவிற்கு வந்துவிட்டது. ஜி.பி.எஸ். என்று நாம் அழைக்கும் அக்கருவியை வாங்குவது எளிது. நமக்கு ஏற்றதைத் தேர்ந்து வாங்குவதும், வாங்கியதை முறையாகப் பயன்படுத்துவதும் அத்தனை எளிதல்ல. கடலுக்குச் செல்பவர் மட்டுமன்றி, அவரை அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருக்கும் தாயும் மனைவியும் பிள்ளைகளும்கூட அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இதில் உள்ளன. எனவே இக்கட்டுரையைக் குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்து படிக்குமாறு வேண்டுகிறோம்.

நம் கரையின் இயல்பு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் மின்சார ரயில் மீஞ்சூரைக் கடந்ததும் அனுப்பம்பட்டில் நிற்கிறது. அதை அடுத்து வருவது பொன்னேரி. அங்கிருந்து பிரியும் சாலை பழவேற்காட்டு ஏரிக்கரையைச் சென்றடைகிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்க, தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்ட மணல்திட்டு ஒன்று கிடக்கிறது. அத்திட்டை அறுத்துக்கொண்டு ஏரியும் கடலும் கலக்கும் இடமே முகத்துவாரம்.

ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து கடலுக்குச் செல்லும் ஃபைபர் படகு இந்த முகத்துவாரத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அவ்வழியாகவே திரும்ப வேண்டும். அதுவோ ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. மணல் சேர்ந்து அடைபடுகிறது, குறுகுகிறது, இடம் பெயர்கிறது. போன பருவத்தில் ஆழமாக இருந்த இடம் இப்பருவத்தில் மணல்மேடாக இருக்கக்கூடும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வாயிலில் அலை மடிந்து விழும். தை மாதப் பனிமூட்டத்தில் பத்து கெஜ தூரத்தில் இருப்பதும் தெரியாது. நம் கரையில் கருவி வாங்குபவர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது இம்முகத்துவாரத்தைத்தான்.

முன்னோர் வைத்திருந்த கருவி

கருவி இல்லாக் காலத்தில் நம் முன்னோர் கடலில் திசை தெரியாமல் தவித்தார்களா? இல்லை. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிறுத்திப் பார்த்தனர். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்களை அவ்வாறே பார்த்தனர். அவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்கினர். பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கமும், தெற்கே அனல் மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளும் இன்றும் இவ்வகையில் கண்ணுக்குத் துணை நிற்கின்றன.

நெடுந்தூரக் கடலோடிகள் விண்மீனை நம்பினர். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்பெற்ற அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் காலத்தில் ‘கமால்’ என்னும் எளிய கருவி வழக்கில் இருந்தது. சிறு மரப்பலகை, அதன் நடுவில் முடிச்சுகள் இட்ட ஒரு கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு வடமீனையும் தொடுமாறு நீட்டிப் பிடிப்பார்கள். எந்த முடிச்சில் இது பொருந்துகிறதோ அதுவே அவ்வூரின் அளவு. நம் தமிழ் மாலுமிகளும் இதையொத்த பலகையை ‘இராப்பலகை’ என்ற பெயரில் கையாண்டனர். வடமீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்விடத்தின் அட்சரேகை. பழவேற்காட்டில் அது 13 பாகைக்குச் சற்று மேல். அன்று முடிச்சாகக் கையில் இருந்த அதே 13தான் இன்று ஜி.பி.எஸ். திரையில் எண்ணாகத் தோன்றுகிறது!

கருவி எவ்வாறு இயங்குகிறது?

அமெரிக்க அரசு பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக்கோள்களைச் சுழலவிட்டிருக்கிறது. இவற்றுள் முதலாவது 1978ல் ஏவப்பட்டது. 1995ல் அமைப்பு முழுமை பெற்றது. ஒவ்வொரு கோளிலும் அணுக்கடிகாரம் உண்டு. ‘இப்போது மணி இன்னது, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்’ என்று அது ஓயாமல் அறிவித்துக்கொண்டேயிருக்கிறது. அச்செய்தி நம் கைக்கு வந்துசேர ஒரு நொடியில் 15ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. அந்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது நம் கருவி. நான்கு கோள்களின் செய்தி கிடைத்துவிட்டால் இடம் தெரிந்துவிடும். நேரக் கணக்கில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும் என்றால், அக்கடிகாரங்களின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்.

2000ஆம் ஆண்டு மே மாதம்வரை பொதுமக்களுக்கான செய்தியில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. அதனால் 100 மீட்டர்வரை தவறு நேர்ந்தது. அத்தடை நீங்கிய பிறகு, திறந்த வானத்தின்கீழ் சில மீட்டர் துல்லியம் சாதாரணக் கருவிக்கே கிடைக்கிறது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இன்று உண்டு.

நம் நாட்டின் நாவிக் அமைப்பும் இத்தகையதே. அதன் முதற்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அதாவது நம் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மணல்தீவிலிருந்தே, விண்ணுக்குச் சென்றது. ஏவுதல் நாட்களில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று நம் மீனவர்களுக்கு அறிவிப்பு வருவது வழக்கம். வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அவர்கள் அண்ணாந்து பார்த்த அந்த நெருப்புக் கோடுகளில் சில, மாலுமிக்கு வழிகாட்டவே சென்றவை. எனினும் நாவிக் கோள்கள் பலவற்றில் அணுக்கடிகாரங்கள் பழுதுற்றன. புதிய தலைமுறைக் கோள்கள் 2023 முதல் ஏவப்படுகின்றன. ஆதலால், ‘நாவிக் உண்டு’ என்பதை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒரு கருவிக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

காது உண்டு; வாய் இல்லை

வாசகர்களே! கருவி வாங்குவோர் பலரும் அறியாத ஓர் உண்மையை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். ஜி.பி.எஸ். கருவி செய்தியைக் கேட்கும். எவருக்கும் எதையும் சொல்லாது. படகு எங்கிருக்கிறது என்பது படகில் இருப்பவருக்குத் தெரியும். கரையிலிருப்போருக்கோ, கடலோரக் காவற்படைக்கோ அது தெரியாது. ‘படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது; எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று நம்பியிருப்பது ஆபத்தான தவறு.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நாம் மறக்க முடியுமா? குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் கருவிகளைக் கையாளுவதில் தேர்ந்தவர்கள். ஆயினும் புயல் எச்சரிக்கை அவர்களைச் சென்றடைய வழியில்லை; தாங்கள் இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லவும் வழியில்லை. ஏராளமான குடும்பங்கள் தலைவனை இழந்தன. இடம் அறிவது ஒன்று. அதைப் பிறருக்கு அறிவிப்பது வேறொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

ஆகவே இக்கட்டுரையின் சாரத்தை ஒரே வரியில் கூறிவிடுகிறோம்: கருவி படகில் இருக்கட்டும், அதன் எண்கள் வீட்டிலும் இருக்கட்டும். இதை மனத்திற்கொண்டு, எத்தகைய கருவியை வாங்குவது என்று பார்ப்போம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைகளில் காட்டப்படும் கைக்கருவிகளில் பெரும்பாலானவை மலையேறுவோரையும், அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டைக்குச் செல்வோரையும் எண்ணிச் செய்யப்பட்டவை. காற்றழுத்தத்தைக் கொண்டு மலையுயரம் அளக்கும் வசதி, குன்றும் பள்ளமும் காட்டும் வரைபடம் ஆகியவற்றுக்காக விலை ஏறுகிறது. அடர்ந்த மரங்களுக்கிடையிலும் கோள்களைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக நுட்பங்கள் கூட்டப்படுகின்றன. கடலில் நமக்கு மலையும் இல்லை, மரமும் இல்லை. தலைக்குமேல் வானம் முழுவதும் திறந்து கிடக்கிறது. நம்முடைய வேட்டை மீன் வேட்டை. நம்முடைய தேவைகளும் வேறு.

முதலாவது, நீர். ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்ற குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் நீர் புகாது என்று பொருள். இதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். நீர் புகாதது எல்லாம் மிதக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கார்மின் நிறுவனத்தின் பழைய 72எச், அதன்பின் வந்த 73, 78, 79 ஆகிய வரிசைகள் மிதப்பவை. அதே நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 10 நீர் புகாதது, ஆனால் மூழ்கிவிடும். எந்தக் கருவியாயினும் கயிற்றில் கோத்துப் படகோடு கட்டிவையுங்கள். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். உப்பு, இரும்பைத் தின்பதைப் போலவே பேட்டரி முனைகளையும் தின்றுவிடும்.

இரண்டாவது, பேட்டரி. உள்ளேயே பொதிந்த பேட்டரி தீர்ந்துவிட்டால் நடுக்கடலில் என்ன செய்வது? சுவர்க் கடிகாரத்திற்குப் போடும் ‘ஏ.ஏ.’ அளவு பேட்டரி இரண்டில் இயங்கும் கருவியே நமக்கு ஏற்றது. பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஒரு சோடியில் கருவிக்கேற்ப 15 முதல் 25 மணி நேரம்வரை ஓடும். மாற்றுச் சோடிகள் இரண்டை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருங்கள். மறுபடி சார்ஜ் செய்யும் வகையைப் பயன்படுத்தினால், கருவியின் அமைப்பில் பேட்டரி வகையையும் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் மீதமுள்ள அளவைக் கருவி தவறாகக் காட்டும்.

மூன்றாவது, பொத்தான். தொடுதிரை கடையில் அழகாகத்தான் இருக்கும். உப்புநீரும் மீன் வழவழப்பும் படிந்த விரலுக்கு அது கட்டுப்படாது. அழுத்தினால் அழுத்தியது விரலுக்குத் தெரியும்படியான பொத்தான்கள் வேண்டும். படகில் மூத்தவர் எவரோ அவருடைய கண்ணுக்கு எண்கள் தெரிகின்றனவா என்பதை வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.

நான்காவது, ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் வசதி. கடலுக்கென்று செய்யப்பட்ட கருவிகளில் ‘எம்.ஓ.பி.’ என்றொரு வசதி உண்டு. ஒருவர் கடலில் விழுந்த கணமே அதை அழுத்தினால் அவ்விடம் பதிவாகி, அங்கே திரும்பிச் செல்ல வழிகாட்டும். ஆனால் பதிவான புள்ளி நகராது. விழுந்தவரை நீரோட்டம் நகர்த்தும். ஆகவே புள்ளியை அடைந்ததும் நீரோட்டம் போகும் திசையில் தேட வேண்டும்.

ஐந்தாவது, திசைகாட்டி. விலை குறைந்த கருவிகளில் தனியான திசைகாட்டி இராது. படகு ஓடும்போது மட்டுமே அவை திசையைச் சரியாகக் காட்டும்; என்ஜின் நின்று படகு அசையாதிருந்தால் அம்புக்குறி பொய் சொல்லும். எனவே சாதாரணக் காந்தத் திசைகாட்டி ஒன்றையும் என்ஜின் இரும்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

‘கைபேசியே போதுமே’ என்பார் சிலர். கைபேசியிலும் ஜி.பி.எஸ். உண்டு, கோபுர சிக்னல் இல்லாத இடத்திலும் அது கோள்களைப் பிடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் சிக்னலின் துணையின்றி முதலில் இடம் காட்ட நேரமாகும். இணையம் இல்லாமல் வரைபடம் வெறுமையாக நிற்கும். பேட்டரியை மாற்ற இயலாது. நீரில் விழுந்தால் திரும்பாது. இரண்டாவது துணையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் அன்பளிப்பு

நம் குடும்பங்களில் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். ஊர் வரும்போது அண்ணனுக்கோ மாமாவுக்கோ ஒரு கருவி வாங்கிவர ஆசைப்படுவது இயற்கை. அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை! செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் பெறவும் வல்ல கருவிகளையும், துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் அரசின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களிலேயே கைதானவர்கள் உண்டு. ‘இன்ரீச்’ என்ற பெயர் தாங்கிய கார்மின் கருவிகளும் இவ்வகையே. இடத்தை மட்டும் காட்டும் சாதாரணக் கருவிக்கும் இதற்கும் தோற்றத்தில் வேறுபாடு மிகக் குறைவு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எண்களில் ஒளிந்திருக்கும் ஆபத்து

கருவி கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, இடத்தை அது எந்த முறையில் எழுதுகிறது என்று பார்ப்பதே. மூன்று முறைகள் உள்ளன. பாகையைத் தசமமாக எழுதுவது ஒன்று. பாகையும் நிமிடமும் எழுதி, நிமிடத்தைத் தசமமாக்குவது இன்னொன்று. பாகை, நிமிடம், விநாடி எனப் பிரித்தெழுதுவது மூன்றாவது. இவற்றை மாற்றிப் படித்தால் என்ன ஆகும்?

பழவேற்காட்டுக்கு நேர் கிழக்கே ஒரு படகு என்ஜின் பழுதாகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்சரேகை 13 பாகை 25 நிமிடம். பதற்றத்தில் ‘பதின்மூன்று இருபத்தைந்து’ என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் அதை 13.25 பாகை என்று எழுதிக்கொள்கிறார். 13.25 பாகை என்பது 13 பாகை 15 நிமிடம்! அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். பத்து நிமிடப் பிழைக்குப் பதினெட்டரைக் கிலோமீட்டர். பழவேற்காட்டுக்கு எதிரே தத்தளிக்கும் படகை எண்ணூர்த் துறைமுகத்திற்கு எதிரே தேடிக்கொண்டிருப்பார்கள். சொன்ன எண்ணில் தவறில்லை. சொன்ன முறையில்தான் தவறு.

சிறிய பிழையும் சிறியதல்ல. 25.5 நிமிடம் என்பது 25 நிமிடம் 30 விநாடி. அதை 25 நிமிடம் 5 விநாடி என்று எழுதிவிட்டால் ஏறத்தாழ 770 மீட்டர் விலகிப்போகும். இரவில் ஒரு மனிதத் தலையைத் தேடும்போது அது எத்தனை பெரிய தூரம்!

ஆகவே ஊரிலுள்ள படகுகள் எல்லாம் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். கடலில் பெரும்பாலும் வழங்குவது பாகையும் தசம நிமிடமுமே. வரைபட அடிப்படை ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்றிருக்கட்டும். சொல்லும்போது ‘வடக்கு, பதின்மூன்று பாகை, இருபத்தைந்து தசம் ஐந்து நிமிடம்’ என்று முழுமையாகச் சொல்லுங்கள். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். பார்த்த மணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்துச் சொல்ல முடிந்தால், படகு எத்திசையில் எவ்வளவு வேகத்தில் இழுபட்டுச் செல்கிறது என்பதும் தேடுவோருக்கு விளங்கிவிடும். மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்தில் நகரும் படகு ஆறு மணி நேரத்தில் 11 கிலோமீட்டர் போய்விடும் என்பதை மறவாதீர்கள்.

நேர்கோடு எப்போதும் வழியாகாது

வீட்டுப் புள்ளியைப் பதிவு செய்துவிட்டு ‘அங்கே கொண்டு போ’ என்றால், கருவி ஒரு நேர்கோட்டைக் காட்டும். நம் கரையில் அந்த நேர்கோடு மணல்திட்டின் மேலே செல்லும்! ஆகவே ஒரே புள்ளி போதாது. முகத்துவாரத்திற்கு வெளியே ஆழ்நீரில் ஒன்று, வாயிலின் நடுவில் ஒன்று, ஏரிக்குள் நீர் ஆழமாக ஓடும் தடத்தில் இரண்டு மூன்று, படகு கட்டும் துறையில் ஒன்று எனப் புள்ளிகளைத் தொடராகப் பதிவு செய்யுங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றது என்பதால் உள்ளே வந்த பிறகும் கவனம் தேவை.

இப்புள்ளிகளைப் பகலில், நீர் ஏற்றத்தில், வாயிலை நன்கறிந்த மூத்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். பருவம் மாறும்போதும், பெருமழைக்கும் புயலுக்கும் பிறகும், மணல் அள்ளப்பட்ட பிறகும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். சென்ற ஆண்டின் புள்ளியை நம்பி இரவில் வாயிலுக்குள் நுழைவது, கண்ணைக் கட்டிக்கொண்டு நுழைவதற்கு ஒப்பாகும். கருவியோடு வரும் வரைபடமும் இங்கே உதவாது. நகரும் மணலை எந்த வரைபடமும் அறியாது.

வீட்டிலிருக்க வேண்டிய ஏடு

இனி வீட்டுப் பெண்மணிகளுக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பக்கத்தில் படகின் பதிவு எண், நிறம், என்ஜின் வகை, உடன் செல்வோர் பெயர்கள், அவர்களின் கைபேசி எண்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் முகத்துவாரப் புள்ளிகளை எழுதுங்கள். அதற்கடுத்து, வழக்கமாக வலை இறக்கும் இடங்களை வரிசை எண்ணிட்டு எழுதுங்கள். புறப்படும் நாளில் ‘இன்று மூன்றாம் இடம், விடியற்காலை ஐந்து மணிக்குத் திரும்புவோம்’ என்று சொல்லிவிட்டுச் செல்லட்டும். இவ்வளவு போதும். திரும்பும் நேரம் கடந்து, கைபேசியும் எட்டவில்லை என்றால், தேட வேண்டிய இடம் உங்கள் கையில் இருக்கும்.

மீன்படும் இடத்தை யாரும் எளிதில் வெளியிட மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செல்வம் அது. அந்தத் தயக்கம் நியாயமானதே. அப்பக்கத்தை உறையிலிட்டு ஒட்டி வையுங்கள். ஆபத்து நேர்ந்தாலன்றி அதைப் பிரிக்க வேண்டாம். ஆண்டுதோறும் புதுப்பித்து மீண்டும் ஒட்டுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தந்தை அறிந்த இடங்கள் கருவியில் மட்டுமே இருந்து, கருவி கடலில் விழுந்துவிட்டால் எல்லாம் போயிற்று. ஏட்டில் இருந்தால், அவர் முதுமையடைந்த பின்னும் பிள்ளைகளுக்கு அது சொத்தாக நிலைக்கும்.

இரண்டு எண்களை நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். கடலோரக் காவற்படையின் மீட்பு உதவிக்கு 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திற்கு 1093. ‘இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்று காத்திருந்து பொழுதைக் கழிக்காதீர்கள்.

சொல்லும் கருவிகள்

கேட்கும் கருவியோடு சொல்லும் கருவியும் படகில் இருந்தால் நல்லது. கையடக்க வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்பிற்கு உரியது. சில கடல்மைல் தொலைவிலுள்ள பிற படகுகள் அதைக் கேட்கும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. பொத்தானை அழுத்தினால் படகின் இடம் செயற்கைக்கோள் வழியே காவற்படைக்குச் சேரும். 2024ல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், ‘உங்கள் அழைப்பு கிடைத்தது’ என்ற மறுமொழியும் திரும்பி வரும். நடுக்கடலில் அந்த ஒரு சொல் எத்தனை ஆறுதல்! படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. உங்கள் படகிற்கு எது கிடைக்கும், மானியம் உண்டா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறியுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மேலும், எக்கருவியும் உயிர்காப்பு மேலங்கிக்கு ஈடாகாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்ட துயரம் இக்கரையில் இன்னும் ஆறாத புண். தண்ணீரில் விழுந்தவரைத் தாங்கிப் பிடிப்பது மேலங்கி. அவரை எங்கே தேடுவது என்று காட்டுவது எண். ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை.

கடையில் ஒரு சோதனை

பணம் கொடுக்குமுன் கருவியை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே, திறந்த வானத்தின்கீழ் வாருங்கள். இயக்கிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். சென்னையானால் வடக்கு 13 பாகையும், கிழக்கு 80 பாகையும் முதலில் தோன்ற வேண்டும். நிற்கும் இடத்தைப் பதிவு செய்துவிட்டு நூறு அடி நடந்து சென்று, கருவியின் துணையால் திரும்பி வாருங்கள். கையை நனைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். ரசீதும் உத்தரவாத அட்டையும் பெறாமல் வராதீர்கள். பழைய கருவியை வாங்குவதானால் பேட்டரி மூடியைத் திறந்து, பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா, ரப்பர் விளிம்பு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க மறவாதீர்கள்.

வாங்கியபின் முதல் ஒரு மாதம் வானம் தெளிந்த நாட்களிலும், கரை தெரியும் தூரத்திலும் பழகுங்கள். படகிலுள்ள ஒவ்வொருவரும், வயதில் இளையவர் உட்பட, புள்ளி பதியவும் எண்ணைப் படிக்கவும் கற்றிருக்க வேண்டும். கருவி அறிந்தவர் ஒருவரே என்றால், கடலில் விழுந்தவர் அவராகவே இருந்தால் யார் வழிகாட்டுவது?

வாசகப் பெருமக்களே! விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. மிதக்க வேண்டும், நனைந்த விரலுக்குக் கட்டுப்பட வேண்டும், பெட்டிக்கடைப் பேட்டரியில் ஓட வேண்டும். அதற்கு மேல் செலவிட எண்ணும் பணத்தில் மேலங்கி வாங்குங்கள். மீதியில் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். இன்றிரவே அதன் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.